வேகும் நேரம்: கென்யாவில் ஏழு நாள்

நாள் 1: நைரோபி

கென்யாவில் "சாப்பாடு" என்றால் உகாலி. வெள்ளை மக்காச்சோள மாவைக் கொதிநீரில் கொட்டி, மரத்துடுப்பால் கட்டியில்லாமல் கிண்டி, கத்தியால் வெட்டும் பதத்துக்கு இறுக்கிய களி. ஒரு கிலோ மாவுக்கு ஏறக்குறைய இரண்டு லிட்டர் தண்ணீர். தொட்டுக்கொள்ள சுகுமா விக்கி என்ற கீரை. சுவாஹிலியில் அதற்கு "வாரத்தைத் தள்ளு" என்று பொருள். கையில் காசு வற்றும் நாட்களைக் கடத்தும் கீரை என்பதால் வந்த பெயர்.

மக்காச்சோளம் இந்த மண்ணின் பயிர் அல்ல. அமெரிக்கக் கண்டத்திலிருந்து போர்த்துகீசியர் வழியாகக் கரையேறியது. ஆங்கிலேயர் காலத்தில் பண்ணைகளிலும் கூலிக்காரர்களின் படியளப்பிலும் வெள்ளை மக்காச்சோளம் புகுந்தது. அதற்கு முன் இங்கே களியும் கஞ்சியும் கேழ்வரகிலும் நம் ஊர்ச் சோள இனமான செஞ்சோளத்திலும்தான் வெந்தன. இனி இங்கே வெறும் சோளம் என்றால் மக்காச்சோளம்தான். கேழ்வரகின் பிறப்பிடமே கிழக்கு ஆப்பிரிக்க மேட்டுநிலம். நம் ஊர்க் கேழ்வரகுக் களிக்கு இங்குள்ள விம்பிக் களி மூத்த உறவு.

ஆக, உணவு மாறுவது இங்கே புதிதல்ல. இப்போது வந்திருப்பது இரண்டாவது மாற்றம். மாலை ஐந்து மணிக்கு மேல் நைரோபித் தெருக்களில் அது கண்ணெதிரே நடக்கிறது. உருளைக்கிழங்கு வறுவல், நடுவே கீறி வெங்காயத் தக்காளிக் கலவை திணித்த ஸ்மோக்கி சாசேஜ், எண்ணெயில் பொரித்த மைதா மண்டாசி, எண்ணெய் சொட்டும் சப்பாத்தி, பக்கத்தில் சோடா. சப்பாத்தி இந்தியாவிலிருந்து வந்தவர்கள் கொண்டுவந்து சேர்த்தது. இன்று அது விருந்துக்கும் தெருவுக்கும் பொது.

இதன் விளைவை 2022 மக்கள்தொகை, சுகாதாரக் கணக்கெடுப்பு காட்டுகிறது. ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள் 18 சதவீதம். 2014இல் இது 26 ஆக இருந்தது, நல்ல இறக்கம். அதே காலத்தில் உடல் எடை கூடிய பெண்களின் பங்கு ஏறி, பாதியை நெருங்கிவிட்டது. வளராத பிள்ளையும் எடை கூடிய தாயும் ஒரே வீட்டில் இருப்பது இங்கே அரிதல்ல.

மக்களுக்கு எது நல்ல உணவு என்று தெரியவில்லை, சொல்லிக்கொடுத்தால் சரியாகிவிடும் என்று பலர் எழுதுகிறார்கள். அது சரியில்லை. நைரோபியின் பெரிய குடிசைப் பகுதியான கிபேராவில் எந்தக் கீரைக்காரம்மாவிடம் கேட்டாலும் எந்தக் கீரை இரத்தத்துக்கு, எது பால் சுரப்புக்கு என்று வரிசையாகச் சொல்வார். தடை அடுப்பில் இருக்கிறது. ஊறவைக்காத ராஜ்மா கரியடுப்பில் வேக இரண்டு முதல் மூன்று மணி நேரம். கரியைத் தகர அளவில் அன்றன்றைக்கு வாங்குபவருக்குப் பயறின் விலையை விட அதை வேகவைக்கும் செலவு பெரிய விஷயம். சப்பாத்தியும் வறுவலும் வெந்தே கைக்கு வருகின்றன. இந்த ஏழு நாளும் நாங்கள் தேடிப் பார்ப்பது இந்த வேகும் நேரத்தைத்தான்.

மாவைப் பற்றி ஒரு விஷயம். கடையில் பொட்டலமாக வரும் மாவு தவிடும் முளையும் நீக்கிச் சலித்தது. வெள்ளையாக இருக்கும், மாதக்கணக்கில் கெடாது; ஆனால் சத்தில் பெரும் பங்கு சல்லடையில் போய்விடும். அதை ஈடுகட்ட 2012 முதல் பொட்டல மாவில் இரும்பு, துத்தநாகம், ஃபோலிக் அமிலம், வைட்டமின் ஏ, பி வகைகள் சேர்ப்பது சட்டப்படி கட்டாயம். தெருமுனைப் போஷோ மில்லில் தன் சோளத்தைக் கொண்டுபோய் அரைத்து வருவோருக்கு அந்தச் சேர்க்கை கிடைப்பதில்லை. அவர்கள் மாவில் தவிடும் முளையும் இருக்கும். முளையிலுள்ள எண்ணெய் சில வாரங்களில் சிக்குவாடை அடிக்கும். அதனால் கோரோகோரோ அளவில், அதாவது இரண்டு கிலோ டின் அளவில், ஒரு வாரத்துக்கு மட்டும் அரைப்பதே சரி.

நாள் 2: நைரோபி, சமையற்கூடமும் சாக்குத் தோட்டமும்

ஒரு வீட்டில் வேகாத பயறு ஆயிரம் பிள்ளைகளுக்கு ஒரே இடத்தில் வெந்தால் எரிபொருள் கணக்கே மாறிவிடுகிறது. நைரோபி கவுண்டி (மாவட்ட அரசு) 2023இல் தொடங்கிய "டிஷி நா கவுண்டி" பள்ளி உணவுத் திட்டம் இதன்மேல்தான் நிற்கிறது. பெரிய மைய அடுக்களைகளில் நள்ளிரவுக்குப் பின் சமையல் தொடங்கி, மூடிய பாத்திரங்களில் லாரி ஏறி, மதியத்துக்குள் பள்ளிகளுக்குப் போகிறது. சோறு, பீன்ஸ் அல்லது பச்சைப்பயறு, காய். பெற்றோர் தருவது ஒரு வேளைக்கு 5 ஷில்லிங். பிள்ளையின் கையில் ஒரு பட்டை. அதைக் கருவியில் தொட்டால் கணக்கில் கழிந்துவிடும். வாசலில் காசு எண்ணும் வேலையும் இல்லை, யார் காசில்லாமல் நிற்கிறார் என்று வரிசைக்குத் தெரிவதும் இல்லை. திட்டத்தை நடத்தும் ஃபுட் ஃபார் எஜுகேஷன் அமைப்பை வாவிரா ஞ்சிரு 2012இல் ரூயிரு ஊரில் ஒரு சிறு அடுக்களையாகத் தொடங்கினார்.

வீட்டுக்கு என்ன வழி? முதல் வழி ஊறவைத்தல். பயறின் அளவைப் போல் மூன்று மடங்கு தண்ணீர், 8 முதல் 12 மணி நேரம், பிறகு அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டுப் புதுத் தண்ணீர். வேகும் நேரம் பாதியை நெருங்கிக் குறையும். வயிற்றில் வாயு உண்டாக்கும் சர்க்கரைகளும் கொஞ்சம் வெளியேறும். இவ்வளவு எளிய வழி ஏன் நடப்பதில்லை என்றால், ஓர் அறை வீட்டில் இரவெல்லாம் ஊற ஒரு பாத்திரம் ஒதுக்க வேண்டும், இரண்டு தரம் தண்ணீர் வேண்டும், தண்ணீரும் குடத்துக்குக் காசு. இன்னொரு சிக்கலும் உண்டு. வெப்பமும் ஈரமும் உள்ள இடத்தில் பல மாதம் கிடந்த பயறு எவ்வளவு ஊறினாலும் மெத்தென்று வேகாது. புதுப் பயறுக்குத் தோல் பளபளக்கும்; பழையது நிறம் மங்கிக் கருத்திருக்கும். வாங்கும்போதே பார்க்க வேண்டிய விஷயம் இது.

இரண்டாவது வழி தீயில்லா அடுப்பு. இங்கே ஜிகோ கிகாப்பு என்கிறார்கள். ஒரு கூடை, உள்ளே பழந்துணி அல்லது பஞ்சு நிரப்பிய மெத்தை, மேலே மெத்தைமூடி. பாத்திரம் கொதித்தவுடன் மூடியோடு கூடைக்குள் இறக்கினால் சூடு தங்கி மூன்று நான்கு மணி நேரத்தில் தானே வெந்துவிடும். அரிசி, கேழ்வரகுக் கஞ்சி, கீதேரி எல்லாவற்றுக்கும் சரிப்படும். ராஜ்மா வகைக்கு மட்டும் ஒரு கண்டிப்பு: ஊறிய பயறு முதலில் அடுப்பில் தளதளவென்று கொதிநிலையில் குறைந்தது பத்து நிமிடம் இருக்க வேண்டும், இருபது ஆனால் இன்னும் நல்லது. அதிலுள்ள லெக்டின் என்ற நச்சுப் புரதம் முழுக் கொதியில்தான் அழியும். அரைச்சூட்டில் நேரடியாகக் கூடைக்குப் போனால் வாந்தியும் வயிற்றுப்போக்கும் வரும். வேகவைக்காத பயறை விட அரைவேக்காடு கெடுதல் அதிகம். கூடையில் பாத்திரம் முக்கால் பாகமாவது நிறைந்திருக்க வேண்டும். பாதிப் பாத்திரம் சீக்கிரம் ஆறிவிடும்.

கீதேரி என்பது சோளமணியும் பீன்ஸும் சேர்த்து அவித்தது. சோளம் இரண்டு பங்கு, பீன்ஸ் ஒரு பங்கு. புரதத்தின் கூறுகளில் சோளத்தில் குறையும் லைசினைப் பயறு தருகிறது, பயறில் குறையும் மெத்தியோனினைச் சோளம் தருகிறது. தெருவில் அவித்த கீதேரியைக் கரண்டியால் அளந்து விற்கிறார்கள். வீட்டில் வெங்காயமும் தக்காளியும் தாளித்துச் சேர்த்தால் பத்து நிமிடத்தில் இராச்சாப்பாடு. இந்த நகரத்தில் பார்த்ததில் சத்துக்கு மிகப் பெரிய உதவி செய்பவர்கள் இந்த அவித்த பயறு விற்பவர்கள்தான். கவனிக்க வேண்டியது ஒன்று: சீக்கிரம் வேக மகாடி என்ற சோடா உப்பைப் போடுவார்கள். பயறு மெத்தென்று ஆகும், ஆனால் தயமின் வைட்டமின் அழியும், சோடியம் ஏறும். சிட்டிகைக்கு மேல் தேவையே இல்லை.

கிபேராவில் வாசலுக்கு வாசல் சாக்குத் தோட்டம். செய்முறையைக் கவனித்து எழுதிக்கொண்டது இது. தொண்ணூறு கிலோ சாக்கு ஒன்று. நடுவில் இரு பக்கமும் வெட்டிய டின்னை நிறுத்தி அதற்குள் கைப்பிடிக் கற்களை நிரப்புவது, டின்னைச் சுற்றி மண் மூன்று பங்கு, மக்கிய எரு ஒரு பங்கு கலந்து கொட்டுவது, பிறகு டின்னை மட்டும் மேலே உருவி மறுபடி கல். இப்படியே மேல் வரை. சாக்கின் உச்சியில் நான்கு விரல் இடம் விட்டால் தண்ணீர் வழியாது. பக்கவாட்டில் ஒரு சாண் இடைவெளியில், நேர் கோட்டில் இல்லாமல் மாற்றி மாற்றிச் சிறு கீறல். ஒவ்வொன்றிலும் ஒரு சுகுமா விக்கி நாற்று.

சாக்கு தோற்பது பெரும்பாலும் கல்தூணில். கல்லுக்குப் பதில் மணல் போட்டால் அடைத்துக்கொண்டு தண்ணீர் மேல் அரைப் பாகத்தோடு நின்றுவிடும், கீழ்வரிசை நாற்று காயும். கீறலைக் கைநுழையும் அளவுக்கு வெட்டினால் மண் சரியும். சாலையோர மண்ணை அள்ளினால் ஈயம் கலந்திருக்கக்கூடும். மண் எங்கிருந்து வந்தது என்று கேட்காமல் சாக்கை நிரப்பக் கூடாது.

நாள் 3: மச்சாகோஸ் வழியாக வோட்டே, மகுவேனி

பிப்ரவரி. சிறுமழைப் பருவத்தின் சோளம் வீட்டுக்கு வரும் மாதம். மகுவேனியில் இந்த மாதத்துக்கு ஒரு துயரம் உண்டு. 2004இல் கிழக்குக் கென்யாவில் பூஞ்சை பிடித்த சோளத்தைத் தின்று 317 பேர் நோயுற்றார்கள், 125 பேர் இறந்தார்கள். மகுவேனியும் கிடுயியும்தான் அதிகம் அடிபட்டவை. அறுவடைச் சமயத்தில் மழை பெய்தது. பஞ்ச காலமானதால் களவு போய்விடும் என்று சோளத்தை ஈரத்தோடு வீட்டுக்குள் குவித்து வைத்தார்கள். அஸ்பர்ஜில்லஸ் பூஞ்சை வளர்ந்து அஃப்லாடாக்சின் நச்சு ஏறியது. கென்யாவில் இதன் உச்சவரம்பு நூறு கோடியில் 10 பங்கு.

இந்த நச்சு சமைத்தால் போகாது. உகாலியாகக் கிண்டினாலும் அப்படியே இருக்கும். கொஞ்சம் கொஞ்சமாக நாள்பட உள்ளே போனால் ஈரல் புற்றுநோய். பசுத்தீவனத்தில் இருந்தால் பாலுக்கும் வரும். சத்தான உணவு என்று பேசும்போது இதை விட்டுவிட்டுப் பேசுவது அடித்தளம் இல்லாத வீடு. கீரையும் பயறும் எவ்வளவு சேர்த்தாலும் தினம் அரைக்கிலோ உள்ளே போகும் மாவு கெட்டிருந்தால் எல்லாம் வீண்.

தடுப்பு வயலில் தொடங்குகிறது. கடுமானி ஆராய்ச்சி நிலையத்தில் அஃப்லாசேஃப் தயாராகிறது: வறுத்த செஞ்சோளமணியின்மேல் நச்சு உண்டாக்காத அதே இனப் பூஞ்சையைப் பூசியது. கதிர் விடுவதற்கு இரண்டு மூன்று வாரம் முன், ஏக்கருக்கு 4 கிலோ, ஈர மண்ணில் கையால் தூவ வேண்டும். நல்ல பூஞ்சை இடத்தைப் பிடித்துக்கொண்டால் கெட்டதற்கு இடமில்லை. காய்ந்த மண்ணில் தூவினால் பூஞ்சை முளைக்காது, மணியை எறும்பும் கோழியும் தின்றுவிடும்.

அறுவடைக்குப் பிறகு உலர்த்தல்தான் எல்லாம். வெறும் தரையில் பரப்பாமல் தார்ப்பாயில் பரப்பி, 13.5 சதவீத ஈரம் வரை உலர்த்த வேண்டும். கருவி இல்லாத வீட்டுக்கு உப்புச் சோதனை. முற்றிலும் உலர்ந்த கண்ணாடி பாட்டிலில் மூன்றில் ஒரு பாகம் சோளமணி, இரண்டு மூன்று கரண்டி உலர்ந்த தூளுப்பு. மூடி, மூன்று நிமிடம் குலுக்கி, கால் மணி நேரம் வைத்துப் பார்த்தால் போதும். பாட்டில் சுவரில் உப்பு ஒட்டியிருந்தால் ஈரம் 15 சதவீதத்துக்கு மேல். ஒட்டாவிட்டாலும் உடனே மூட்டை கட்டக் கூடாது. இன்னும் ஓரிரு நாள் நல்ல வெயில் வேண்டும், ஏனென்றால் 15க்கும் 13.5க்கும் நடுவிலும் பூஞ்சை வளரும். உப்பே ஈரமாக இருந்தால் சோதனை பொய் சொல்லும். உப்பை முதலில் வெயிலில் காயவைக்க வேண்டும்.

சேமிக்க மூவடுக்குப் பை: உள்ளே இரண்டு தடித்த பாலிதீன் பை, வெளியே நெய்த சாக்கு. ஒவ்வொன்றாகக் காற்றைப் பிதுக்கி, முறுக்கி, மடித்துக் கட்டினால் உள்ளே பிராணவாயு தீர்ந்து வண்டு செத்துவிடும். மருந்துப் பொடி தேவையில்லை. வாரம் இரண்டு தரம் திறந்தால் பலன் போய்விடும். மாதத் தேவையைத் தனியே எடுத்து வைத்துக்கொள்ள வேண்டும். ஈரச் சோளத்தை இதில் கட்டினால் பை தானே பூஞ்சைப் பண்ணையாகும்.

இப்பகுதியின் காம்பா மக்களின் முத்தோகோய் இந்த இடத்தில் நினைக்கத்தக்கது. சோளத்தை நனைத்து உரலில் குத்தித் தோல் நீக்கி, பயறோடு அவிப்பது. நச்சு அதிகம் தங்குவது தோலிலும் முளையிலும். குத்தும்போது பெரும்பங்கு போய்விடும். நிறம் மாறிய, உடைந்த, சுருங்கிய மணிகளைப் பொறுக்குவதும் அப்படியே. பொறுக்கியதைக் கோழிக்குப் போடாமல் புதைக்க வேண்டும் என்பதைத்தான் பல வீடுகளில் கடைப்பிடிப்பதில்லை.

வோட்டே சந்தையில் கண்ணுக்கு நிறைவாக இருந்தது பச்சைப்பயறு. இங்கே ன்டெங்கு என்கிறார்கள். குறைந்த மழையில் இரண்டு மாதம் சொச்சத்தில் விளையும், ஊறவைக்காமலே முக்கால் மணி நேரத்துக்குள் வேகும். கரி வாங்கும் வீட்டுக்கு ராஜ்மாவை விட இதைச் சொல்வதே நியாயம்.

நாள் 4: கிசுமு சாலை

நாள் முழுக்கப் பயணம். நைவாஷாவைத் தாண்டியதும் சாலையோரம் உருளைக்கிழங்கு வாளிகள். பெரும்பாலும் ஷாங்கி ரகம். சீக்கிரம் விளையும், சீக்கிரம் வேகும், வறுத்தால் நிறம் நன்றாக வரும்; சேமித்தால் சில வாரங்களில் முளைவிடும் என்பதால் உடனே விற்றாக வேண்டும். நைரோபியின் வறுவல் தட்டு நிறைவது இந்த அவசரத்தால். அவித்து உண்டால் இதே கிழங்கு நல்ல உணவு. பிரச்சினை எண்ணெயில் இருக்கிறது. கருத்து, நுரைத்து, புகையும் எண்ணெயை மறுநாளும் ஊற்றுகிறார்கள். நல்ல கடைக்கு அடையாளம்: எண்ணெய்க்குள் அடி தெரியும், துகள்களை அன்றன்றே வடிகட்டுவார்கள்.

கெரிச்சோவில் தேயிலை. இங்கே பால் ஊற்றிச் சர்க்கரை நிறையப் போட்ட சாய் சாப்பாட்டோடு வரும். தேநீரின் டானின் கீரை, பயறு இரும்பை உடலில் சேரவிடாது. ஒரு மணி நேரம் தள்ளிக் குடித்தால் போதும். காசு செலவில்லாத மாற்றங்களில் இது முதன்மை.

நாள் 5: டுங்கா, விக்டோரியா ஏரிக்கரை

ஒமேனா நம் நெத்திலியைப் போல் விரல் நீளமுள்ள வெள்ளி மீன். ஆனால் நன்னீர் மீன். நிலவில்லாத இரவுகளில் விளக்கு மிதக்கவிட்டு, வெளிச்சத்துக்குக் கூடும் கூட்டத்தைச் சிறுகண் வலையால் வாரிக் காலையில் கரை சேர்க்கிறார்கள். 1950களில் ஏரியில் விட்ட நைல் பெர்ச் மீனின் சதை ஏற்றுமதிக்குப் போகிறது. தலையும் முள்ளும் உள்ளூர்ச் சந்தைக்கு. ஏழை வீட்டுக் குழந்தைக்குக் கைக்கெட்டும் மீன் ஒமேனாதான். முள்ளோடு முழுதாக உண்பதால் கால்சியம், அதோடு இரும்பு, துத்தநாகம், புரதம்.

கரையில் இரண்டு விதமாகக் காய்கிறது. மணலிலும் தரையில் விரித்த வலையிலும் ஒரு பக்கம். இடுப்பளவு உயரத் தட்டியில் இன்னொரு பக்கம். தட்டியில் காற்று கீழிருந்தும் வரும், நல்ல வெயிலில் ஒரே நாளில் காயும், மணலும் கோழியும் நாயும் எட்டாது. மணலில் காய்ந்ததைப் பல்லில் வைத்தால் நறநறக்கும். மழை வந்து நனைந்தால் அது கோழித்தீவனத்துக்கே போகும். மனிதர் வாயிலிருந்து தீவன மூட்டைக்கு இத்தனை மீன் போவதற்குத் தட்டி இல்லாததும் ஒரு காரணம் என்பது வருத்தமான உண்மை.

வாங்கும்போது வெள்ளிப் பளபளப்பு இருக்க வேண்டும். மஞ்சள் கலந்த பழுப்பு என்றால் கொழுப்பு சிக்குப் பிடித்துவிட்டது. சமைக்க: சுடுநீர் ஊற்றிப் பத்து நிமிடம், பிறகு மூன்று தண்ணீர் கழுவல், கசப்பு பிடிக்காதவர்கள் தலையைக் கிள்ளிவிடலாம். சிறிது எண்ணெயில் வறுத்து, வெங்காயம், தக்காளி, இறக்கியபின் எலுமிச்சை. இருபது நிமிடத்தில் முடிந்தது.

குழந்தைக்கு உஜி என்னும் கஞ்சி. இதில் இரண்டு தவறுகள் பரவலாக நடக்கின்றன. ஒன்று, "எல்லாச் சத்தும் ஒரே மாவில்" என்று கேழ்வரகு, சோளம், சோயா, நிலக்கடலை, ஒமேனா எல்லாவற்றையும் சேர்த்து அரைத்து மாதக்கணக்கில் வைப்பது. கடலையும் மீனும் சிக்குப் பிடிக்கும். கடலையில் அஃப்லாடாக்சின் இருந்தால் மொத்த மாவும் கெடும். சோயா சரியாக வறுபடாவிட்டால் செரிக்காது. குழந்தைக்கு ஒவ்வாமை வந்தால் எதனால் என்று பிரிக்க முடியாது. தானிய மாவு தனி. ஒமேனாவைக் கழுவி உலர்த்தி, வெறும் சட்டியில் வறுத்துப் பொடித்துச் சலித்து, கஞ்சி இறக்கும்போது ஒரு கரண்டி. அதுவே போதும்.

மற்றது, நீர்த்த கஞ்சி. குழந்தை விழுங்க வசதியாகத் தண்ணீராகக் காய்ச்சினால் வயிறு நிறையும், பலம் சேராது. கெட்டியாகக் காய்ச்சினால் விழுங்காது. இதற்குப் பழைய தீர்வு முளைமாவு. கேழ்வரகை ஓர் இரவு ஊறவைத்து, ஈரத்துணியில் இரண்டு மூன்று நாள் முளைகட்டி, வெயிலில் உலர்த்தி, முளையைத் தேய்த்து நீக்கி அரைத்து வைக்க வேண்டும். ஒரு கப் மாவுக்கு நான்கு கப் தண்ணீரில் கெட்டிக் கஞ்சி காய்ச்சி, கொதி அடங்கியபின் ஒரு தேக்கரண்டி முளைமாவைப் போட்டுக் கிளறினால் சில நிமிடத்தில் கஞ்சி இளகிவிடும். முளைமாவிலுள்ள நொதி மாவுச்சத்தைச் சிறு துண்டுகளாக உடைப்பதால் கெட்டித்தன்மை போகும், பலம் குறையாது. பிறகு மறுபடி ஒரு கொதி. முளைமாவோடு கிருமி வந்திருந்தால் சாகும். கொதிக்கும் கஞ்சியில் போட்டுவிட்டு "இளகவே இல்லை" என்பவர்கள் உண்டு. கொதியில் நொதி செத்துவிடும், அதுதான் காரணம். செஞ்சோளத்தை முளைகட்டினால் முளையில் சயனைடு தரும் பொருள் உண்டாகும். கேழ்வரகே பத்திரம்.

நாள் 6: மசேனோ, லுவாண்டா, இசுகா

கிசுமுவிலிருந்து புசியா சாலையில் மசேனோவில் பூமத்திய ரேகைப் பலகை. அதைத் தாண்டினால் விஹிகா கவுண்டியின் லுவாண்டா சந்தை. கீரைக்காகவே வர வேண்டிய ஊர். தமிழ்க் கண்ணுக்குப் பாதிக் கீரை தெரிந்த முகம். மனாகு நம் மணத்தக்காளிக்கு நெருங்கிய உறவு, இலை மட்டும் உள்ளங்கை அகலம். டெரேரே தண்டுக்கீரை இனம். சாகா என்பது நம் வேலியோர நல்வேளையேதான், அதே செடி. குண்டே தட்டைப்பயற்று இலை. ம்ரெண்டா சணல் குடும்பத்துக் கீரை, வழவழப்பானது. மிட்டோ கிலுகிலுப்பை இனத்தின் கசப்பு இலை.

நம் ஊரில் நல்வேளையைக் களை என்று பிடுங்குவது போலவே இங்கும் இவற்றைப் பல பத்தாண்டுகள் களை என்றே பாடத்தில் சொன்னார்கள். முட்டைக்கோஸும் சுகுமா விக்கியும்தான் "காய்கறி". அந்தப் பார்வையை மாற்றியவர்களில் முதன்மையானவர் ஜோமோ கென்யாட்டா வேளாண் பல்கலைக்கழகத் தோட்டக்கலைப் பேராசிரியர் மேரி அபுகுட்சா ஓன்யாங்கோ. 1990களிலிருந்து இக்கீரைகளின் விதை, சாகுபடி, சமையல், சத்து என்று எல்லாவற்றையும் ஆராய்ந்தவர். மரபு உணவைக் காக்க 2007இல் தொடங்கி, பின்னர் கென்யாவின் தேசிய அருங்காட்சியகமும் பண்பாட்டுத் துறையும் யுனெஸ்கோவும் சேர்ந்து நடத்திய வேலையில், இங்குள்ள இசுகா மக்களும் வடமேற்கின் போகோட் மக்களும் முன்னோடி. பள்ளிப் பிள்ளைகள் வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு உணவுகளைப் பதிவு செய்தார்கள். உண்ணத்தகும் சுமார் 850 செடிகள் உள்ளூர்ப் பெயரோடு பட்டியலாயின. 2021இல் யுனெஸ்கோவின் நற்பாதுகாப்பு முறைகள் பதிவேட்டில் அது இடம்பெற்றது. ஒரு நாடு தன் கீரையைப் பண்பாட்டுச் சொத்தென்று பதிவு செய்ததைப் பார்க்கையில் மனம் நிறைகிறது.

வளர்ப்பில் தவறுவது விதையில். மனாகு, டெரேரே விதை தூள் போலச் சின்னது. அப்படியே தூவினால் கொத்தாக முளைத்து நெருங்கிச் சாகும். ஒரு பங்கு விதைக்குப் பத்துப் பங்கு உலர் மணல் கலந்து, 30 சென்டிமீட்டர் இடைவெளி வரிசையில், அரை சென்டிமீட்டருக்கு மேல் புதைக்காமல் விதைக்க வேண்டும். சாகா விதை வேறு குணம். பறித்தவுடன் போட்டால் முளைக்காது. மூன்று மாதமாவது உறங்க வேண்டும். வெளிச்சமும் ஆகாது, மண் மூடிய இருட்டில்தான் முளைக்கும். ஆணிவேர்ச் செடி என்பதால் பிடுங்கி நட்டால் பிழைப்பது கடினம். பூ வந்ததும் கிள்ளிவிட்டால் இலை பல வாரம் வரும். விட்டுவிட்டால் காயாகிக் கீரை முடிந்துவிடும். விதைக்கென்று சில செடியைத் தனியே ஒதுக்கத் தவறினால் அடுத்த பருவத்துக்குக் கையேந்த வேண்டும்.

இப்போது சமையல். மனாகுக்குக் கசப்பு உண்டு. அதைப் போக்க இரண்டு தரம் அவித்து நீரைக் கொட்டுகிறார்கள். வைட்டமின் சி, ஃபோலேட் எல்லாம் அந்த நீரோடு சாக்கடைக்கு. மாற்று, இங்குள்ள லுயா இன மக்களின் வீட்டு வழி: பாலால் கசப்பை அடக்குவது. தண்டோடு ஒரு கிலோ மனாகை ஆய்ந்தால் பாதிதான் தேறும். பச்சைக்காய் இருந்தால் எல்லாவற்றையும் எடுத்துவிட வேண்டும், அதில் நச்சு உண்டு. முதலில் கழுவல், பிறகே வெட்டல். ஒரு டம்ளர் கொதிநீரில் மூடிப் பத்து நிமிடம். வேறு சட்டியில் இரண்டு மேசைக்கரண்டி எண்ணெய், வெங்காயம், தக்காளி வதக்கிக் கீரையை நீரோடு சேர்ப்பது. கடைசியில் அரை டம்ளர் பாலோ ஏடோ ஊற்றி ஐந்து நிமிடம் சிறுதீ. எண்ணெயும் ஏடும் ருசிக்கு மட்டும் அல்ல. கொழுப்பில்லாமல் கீரையின் பீட்டா கரோட்டின் உடலில் சேராது. இதே சட்டியை மறுநாளும் பால் ஊற்றிச் சுடவைத்தால் கசப்பு இன்னும் அடங்கும், ருசி கூடும். வைட்டமின் சி மட்டும் ஒவ்வொரு சூட்டிலும் குறையும். இரண்டாம் நாளோடு நிறுத்துவது நல்லது.

ம்ரெண்டாவை மட்டும் தனியே சமைப்பதில்லை. குண்டே இலையோடு சேர்த்து, சிட்டிகை மகாடியோ முன்னாளில் அவரைத்தோலை எரித்து வடித்த சாம்பல்நீரோ விட்டு அவிப்பார்கள். இலை வேக ஐந்தே நிமிடம். வேகும் நேரத்தில் எந்தத் துரித உணவுக்கும் இந்தக் கீரை தோற்காது. நேரம் போவது ஆய்வதில்தான்: அரைக்கிலோ இலை ஆய ஒருவருக்கு முக்கால் மணி நேரம்.

நாள் 7: கபோண்டோ, கிசி

கபோண்டோ சந்தையில் சர்க்கரைவள்ளி மூட்டை மூட்டையாக நிற்கிறது. உள்ளே வெள்ளை, மஞ்சள், ஆரஞ்சு. ஆரஞ்சுக் கிழங்கில் 125 கிராம் ஒரு சிறுபிள்ளையின் ஒரு நாள் வைட்டமின் ஏ தேவைக்குப் போதும். இந்தக் கிழங்கைப் பரப்பியதற்காக ஜேன் லோ, மரியா ஆண்ட்ராடே, ராபர்ட் ம்வாங்கா ஆகியோர் ஹோவர்த் பூயிஸோடு 2016 உலக உணவுப் பரிசு பெற்றார்கள். ஆரம்ப ரகங்கள் நீர்த்திருந்தன. வெள்ளைக் கிழங்கின் மாவுத்தன்மைக்குப் பழகிய பெரியவர்கள் ஒதுக்கினார்கள். கபோடே, வீட்டா ரகங்கள் வந்தபின்தான் சந்தை திரும்பியது. சத்தைக் கூட்டுபவர் வாய்க்குப் பிடித்த பதத்தையும் சேர்த்துத்தான் கூட்ட வேண்டும்.

இங்கே குறை கொடியில். வறட்சி மூன்று மாதம் நீண்டால் கொடி காய்ந்து, மழை வந்த நாளில் நட ஒன்றும் இருக்காது. மணல் முறை இதற்காக. காயமும் வண்டுத்துளையும் இல்லாத நடுத்தரக் கிழங்குகளை, தாள் விரித்த பாத்திரத்தில் உலர்ந்து ஆறிய மணலுக்கிடையே ஒன்றோடொன்று தொடாமல் அடுக்கி, மேலே நான்கு விரல் மணல் மூடி, நிழலான அறையில் வைப்பது. மாதம் ஒரு தரம் கிளறி அழுகலை எடுக்க வேண்டும். மழைக்கு ஆறு முதல் எட்டு வாரம் முன், அதாவது இந்த நாட்களில், கிழங்குகளை அரை மீட்டர் இடைவெளியில் பாத்தியில் புதைத்து, மூன்று நான்கு நாளுக்கு ஒரு தரம் நீர் விட்டால் கொடி தயார். ஒரு முழம் கொடியை வெட்டி ஒரு நாள் நிழலில் வைத்து, மூன்றில் இரண்டு பங்கு மண்ணுக்குள் போகும்படி மேட்டில் நட வேண்டும். கிழங்கு பருக்கையில் மண் வெடிக்கும். அந்த வெடிப்பு வழியாகத்தான் கூன்வண்டு கிழங்கை அடைகிறது. மண் அணைப்பதைத் தவிர வேறு மலிவான மருந்து இல்லை.

தோலோடு மூடி அவித்தால் பீட்டா கரோட்டின் பெரும்பாலும் தங்கும். வில்லை வெட்டி வெயிலில் உலர்த்தி மாதக்கணக்கில் வைத்த மாவில் அது வெளிச்சத்தாலும் காற்றாலும் கரைந்துவிடும். ரொட்டிக்கு மாவை விட அவித்த கிழங்கு மசியல் நல்லது. கோதுமை மாவில் பத்தில் மூன்றிலிருந்து நான்கு பங்கு வரை மசியலாக மாற்றலாம். மசியலில் நீர் உண்டு என்பதை மறந்து வழக்கம் போல் தண்ணீர் ஊற்றினால் மாவு கையில் ஒட்டும், ரொட்டி நடுவில் வேகாது. சர்க்கரையையும் குறைத்துக்கொள்ளலாம்.

மாலையில் கிசி. சிறு சிறு நிலம், சரிவெல்லாம் வாழையும் சின்சாகாவும். சாகாவுக்கு இங்கே அந்தப் பெயர். பிள்ளை பெற்ற தாய்க்குக் கொடுக்கும் முதல் கீரை. இருட்டும் நேரத்தில் சாக்குச் சாக்காகக் கீரை லாரி ஏறுகிறது; விடிவதற்குள் நைரோபி. சாக்கில் இறுக்கி அமுக்கினால் இலையின் மூச்சுச் சூடு உள்ளேயே தங்கி நடுவில் மஞ்சளாகும். அனுபவமுள்ளவர்கள் வெயில் தாழ்ந்தபின் பறித்து, நிழலில் ஆற்றி, காம்பு கீழாக நிறுத்தித் தளர அடைத்து, நடுவில் காற்றுக்கு ஒரு சந்து விடுகிறார்கள். நைரோபியில் சில கீரைக்காரம்மாக்கள் இப்போது மனாகை ஆய்ந்தே விற்கிறார்கள். மாலையில் வேலை முடிந்து வருபவரின் அந்த முக்கால் மணி நேரத்தை அவர்கள் வாங்கிக்கொள்கிறார்கள். அப்படி வாங்குவோர் முழு இலையாக வாங்கினால் நல்லது. பொடியாக அரிந்து பையில் கட்டிய கீரை வெட்டுவாய் வழியாக மணிக்கு மணி வைட்டமின் சியை இழக்கும், அரிந்தபின் கழுவினால் மிச்சமும் போகும். முழு இலையைக் கழுவி அரிந்து அடுப்பில் போட வீட்டில் ஐந்து நிமிடம் ஆகும்.